முகிலுக்குள் மழை எவ்வளவு?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த இப்பேரூரைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் முந்திரியும், மல்லாட்டை என்று நம் மக்கள் வழங்கும் வேர்க்கடலையும் விளைகின்றன. இங்குள்ள உழவர் ஒருவரிடம், "நேற்று மழை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சென்டிமீட்டர்க் கணக்கில் விடை கூறமாட்டார். "ஓர் உழவு மழை" என்பார். அல்லது, "புழுதி அடங்கியது, அவ்வளவுதான்" என்பார். அக்கணக்கில் பிழை ஏதுமில்லை. ஏர் பூட்டலாமா, விதைக்கலாமா என்னும் வினாக்களுக்கு அதுவே போதிய விடை. ஆயினும் அது அவருடைய வயலின் கணக்கு மட்டுமே. சாலையின் ஒருபுறம் நனைந்து மறுபுறம் காய்ந்து கிடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

அரசு வைத்திருக்கும் மழைமானிக்கும் இக்குறை உண்டு. இந்திய வானிலைத் துறை பயன்படுத்தும் மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. அதாவது குறுக்களவில் ஒரு சாணுக்கும் குறைவு. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதில் சேர்ந்த நீரை அளந்து, அதையே அவ்வட்டாரத்தின் மழை என்று எழுதுகிறோம். உலகெங்கிலும் இருந்து கணக்குக் கிடைக்கும் மழைமானிகளின் வாய்களையெல்லாம் ஒன்றாகப் பரப்பி வைத்தாலும் ஒரு கால்பந்துத் திடலில் பாதிகூட நிரம்பாது என்று 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுக் கூறியது. பூமியின் பரப்பில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கடல். அங்கே மழைமானி வைப்பார் யார்?

நமக்கு வரும் மழையோ பெரும்பாலும் அக்கடலிலிருந்தே வருகிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல், பண்ருட்டிப் பலாவையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்ததை மறந்தவர் இல்லை. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததோ, புயல் என்னும் பெயரைக்கூடப் பெறாத ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதையொட்டி நெய்வேலியில் மட்டும் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் வெள்ளம் உயிர்களையும் பயிர்களையும் கொண்டு போயிற்று. காற்றின் வேகத்தைப் பார்த்து அச்சத்தை அளக்கும் நம் பழக்கத்தை அந்த ஒரு நாள் பொய்யாக்கியது. காற்று எவ்வளவு என்பதைவிட, அந்த முகிலுக்குள் நீர் எவ்வளவு என்பதே அன்று உயிர் காக்கும் கேள்வியாயிருந்தது.

அக்கேள்விக்கு விடை காணும் முயற்சியில் தங்கள் இளமையைச் செலவிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 'செயற்கைக்கோள் வழி நுண்ணலைத் தொலையுணர்வு' என்பது அவர்களுடைய துறையின் நீண்ட பெயர். முனைவர் பட்டம் பெற்ற பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இதே துறையில் ஆய்வு தொடர்பவர்கள் பலர். அவர்களில் தமிழகத்துப் பிள்ளைகளும் உண்டு. "பட்டம் வாங்கிய பிறகும் என்னதான் படிக்கிறான்?" என்று ஊரில் பெற்றோரைக் கேட்பவர்களுக்கு விளக்கம் கூற அவர்களால் இயல்வதில்லை. அந்த விளக்கத்தைத் தரவே இக்கட்டுரை.

முகிலின் முகமும் உள்ளும்

முகிலைப் பார்த்து மழை சொல்வது பழைய கலை. நம் முன்னோர் மின்னும் திசையையும் முகிலின் நிறத்தையும் கொண்டு கூறினார்கள். கியூபா நாட்டின் அவானா நகரில் இயேசு சபைத் துறவி பெனிட்டோ வினெஸ் என்பவர், மிக உயரத்தில் மெல்லிய இறகுபோல் படரும் முகில்கள் எத்திக்கிலிருந்து வருகின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்து, 1875-ஆம் ஆண்டு செப்டம்பரில் வரவிருந்த சூறாவளியை முன்கூட்டியே அறிவித்தார். அவர் கையில் இருந்தவை காற்றழுத்தமானியும் பொறுமையும்தாம்.

இன்று தொலைக்காட்சியில் வானிலைச் செய்தியின்போது காட்டப்படும் வெண்முகிற்படம், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டிருக்கும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் அனுப்புவது. இரவிலும் பார்க்கும் பொருட்டு அவை அகச்சிவப்புக் கதிர்களைப் பயன்படுத்துகின்றன. அரை மணிக்கு ஒருமுறை படம் கிடைக்கிறது. அது பெரும் பேறு. ஆனால் அப்படத்தில் தெரிவது முகிலின் உச்சி மட்டுமே. உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரமான முகில். உயரமான முகிலாயின் மழை மிகுதி என்று ஊகிக்கிறோம். இவ்வூகம் பல வேளைகளில் ஏமாற்றிவிடும். ஒரு துளியும் பெய்யாத உயர்ந்த மென்முகில் கடுங்குளிராய்த் தோன்றும். தாழ்ந்த முகில் ஒன்று ஓசையின்றி ஊரை நனைத்துவிட்டுப் போகும். தலைப்பாகையைப் பார்த்து ஒருவரின் பணப்பையை மதிப்பிடுவது போன்ற செயல் இது.

நுண்ணலை இவ்வகையில் வேறானது. உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப ஓயாமல் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் அருகே கையைக் கொண்டு சென்றால், தொடுவதற்கு முன்பே சூடு தெரிகிறதல்லவா? அக்கதிர்களின் மிகச் சிறிய பங்கு, சில சென்டிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளாகவும் வெளிவருகிறது. அவையே நுண்ணலைகள். மெல்லிய முகிலை அவை கண்ணாடியைக் கடப்பது போல் கடந்து விடுகின்றன. மழைத்துளியும் பனிக்கட்டித் துகளும் குறுக்கிட்டால்தான் அவை மாறுகின்றன. ஆதலால் அம்மாற்றத்தை அளக்கும் கருவி, முகிலின் முகத்தையன்றி அதன் வயிற்றைப் பார்க்கிறது எனலாம்.

இங்குதான் ஒரு சிக்கல் எழுகிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். ஏனெனில் இத்துறையின் பாதி உழைப்பு இச்சிக்கலில்தான் செலவாகிறது. 19 கிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலையில் பார்த்தால் கடல் மங்கலாகத் தெரியும். தன் வெப்பத்துக்கு உரிய கதிர்வீச்சில் ஏறக்குறைய பாதியையே அது வெளிவிடுகிறது. அம்மங்கலின்மேல் மழை பெய்தால், மழைத்துளிகள் தாமே கதிர்வீசி ஒளிர்கின்றன. இருட்டறையில் ஏற்றிய அகல் போல மழை தனித்துத் தெரிகிறது. எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்து எவ்வளவு பெய்கிறது என்று சொல்லிவிடலாம். நிலமோ அப்படியன்று. அது பத்தில் ஒன்பது பங்கு கதிர்வீச்சை வெளிவிட்டுத் தானே பளிச்சென்று விளங்குகிறது. நண்பகல் வெயிலில் ஏற்றிய அகலை யார் காண்பார்? வங்கக் கடலின்மேல் தெளிவாகத் தெரிந்த அதே மழை, கடலூரைத் தாண்டி மங்கலம்பேட்டைக்கு வந்ததும் செயற்கைக்கோளின் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் கண்ட வழி விந்தையானது. நம் நாட்டு வானில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் நீர் உறைந்துவிடும். பெருமழை முகில்களின் மேற்பாதியில் பனிக்கட்டித் துகள்கள் நிறைந்திருக்கும். 89 கிகாஹெர்ட்ஸ் முதலான உயர்ந்த அதிர்வெண்களில் பார்த்தால், கீழிருந்து எழும் கதிர்களை இத்துகள்கள் நாற்புறமும் சிதறடிக்கின்றன. எனவே பளிச்சென்ற நிலத்தின்மேல் அவ்விடம் மட்டும் இருண்டு தோன்றும். கடலின்மேல் மழையை அதன் ஒளியால் காண்கிறோம். நிலத்தின்மேல் அதன் நிழலால் காண்கிறோம். நிழலின் கருமையை வைத்து மேலே பனிக்கட்டி எவ்வளவு என்றும், அதை வைத்துக் கீழே மழை எவ்வளவு என்றும் படிப்படியாகக் கணிக்க வேண்டியிருக்கிறது.

பனிக்கட்டியே இல்லாத தாழ்ந்த முகிலும் மழை தரும். நிலத்தின்மேல் அம்மழை கணக்கிலிருந்து தப்பிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையைச் செயற்கைக்கோள்கள் குறைத்து மதிப்பிடுவதற்கு இது முக்கியமான காரணம். கடற்கரையில் துன்பம் இரட்டிப்பு. 19 கிகாஹெர்ட்ஸ் அளவில் கருவியின் பார்வை ஒரே நேரத்தில் பல பத்துக் கிலோமீட்டர் அகலத்தைத் தழுவுகிறது. அப்பார்வை பரங்கிப்பேட்டைக்கு மேல் விழுமானால் அதில் பாதி கடல், பாதி நிலம். இருண்டது கடலாலா மழையாலா என்று பிரித்தறிவது கடினம். வீராணத்துப் பாசனத்தில் நடவுக்கு முன் நீர் கட்டி நிற்கும் வயல்களும், நேற்றைய மழையில் ஊறிய மண்ணும்கூட நிலத்தின் பளபளப்பைக் குறைத்துக் கணக்கைக் குழப்புகின்றன. நம் மாவட்டத்தின் நில அமைப்பே இந்த ஆய்வாளருக்குக் கொடுக்கப்பட்ட ஒரு கடினமான தேர்வு என்றால் மிகையாகாது.

பாஸ்கரா முதல் மேகா-ட்ராபிக்ஸ் வரை

விண்ணிலிருந்து நுண்ணலையால் பூமியைப் பார்க்கும் கருவியை முதன்முதலாக 1968-இல் சோவியத் நாடு தன் காஸ்மாஸ்-243 செயற்கைக்கோளில் அனுப்பியது. 1972-இல் அமெரிக்காவின் நிம்பஸ்-5 கடல்மேல் பெய்யும் மழைக்குப் படம் வரைந்தது. இந்தியாவும் அதிகம் பின்தங்கிவிடவில்லை. 1979 ஜூன் 7-இல் சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்ட நமது பாஸ்கரா-1, 'சமீர்' என்னும் நுண்ணலைக் கதிர்மானியைச் சுமந்து சென்றது. 1981 நவம்பர் 20-இல் பாஸ்கரா-2 அதன் வழியைத் தொடர்ந்தது. கடலின்மேல் உள்ள நீராவியையும் முகில் நீரையும் அளப்பது சமீரின் பணி. ஆரியபட்டாவைப் பள்ளிப் பாடத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் சமீரின் பெயரைக் கேள்விப்படுவதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய 'ட்ரிம்' செயற்கைக்கோள், வெப்ப மண்டல மழைக்கென்றே அமைந்தது. மழைக்கான ரேடார் விண்ணுக்குச் சென்றது அதுவே முதல்முறை. அது தந்த கணக்குகளை முன்னறிவிப்புக்குப் பயன்படுத்தியவர்களில் முன்னணியில் நின்றவர், தம் பெயரிலேயே திருவலத்தைச் சுமந்த ஒருவர். திருவலம் நடராஜன் கிருஷ்ணமூர்த்தி 1932-இல் பிறந்து, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்து, 2018-இல் மறைந்தார். நுண்ணலைக் கருவி கண்ட மழையைக் கணிப்பொறியின் வானிலைக் கணக்குக்குள் தொடக்கத்திலேயே புகுத்தி, 'இன்று இவ்வளவு மழை பெய்கிறதென்றால் காற்றில் இவ்வளவு ஈரம் இருந்திருக்க வேண்டும்' என்று பின்னோக்கிக் கணித்துத் திருத்தும் முறையை அவர் வகுத்தார். தொடக்கம் திருந்தினால் நாளைய கணிப்பும் திருந்தும் என்பது அதன் அடிப்படை.

நமக்கு நெருக்கமான கதை 2011-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள், சென்னைக்கு வடக்கேயுள்ள சிறீஹரிக்கோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி 'மேகா-ட்ராபிக்ஸ்' என்னும் செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தது. இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய கோள் அது. வடமொழி முகிலும் பிரெஞ்சு வெப்ப மண்டலமும் பெயரிலேயே கைகோத்திருந்தன. சுமார் 1000 கிலோ எடையுள்ள அது 867 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றியது. மற்ற கோள்கள் துருவம் வரை சென்று திரும்ப, இதுவோ நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின்மேலேயே ஒரு நாளைக்குப் பலமுறை கடந்து சென்றது. தானே புயல் நம் கரையை மோதியபோது அது வானில் இருந்தது.

அக்கோளின் மழைக்கண்ணுக்கு அமைந்த பெயர் 'மத்ராஸ்'. நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவ்வாறு அமைந்தன என்பார்கள். தற்செயலென்று நம்புவது சற்றுக் கடினம். 'சாஃபிர்' என்னும் மற்றொரு கருவி, 183 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய 6 அலைவரிசைகளில் காற்றின் ஈரப்பதத்தை அடுக்கடுக்காக அளப்பது. மத்ராஸ் மழைக்கு, சாஃபிர் ஈரத்துக்கு என்று பணி பிரிக்கப்பட்டிருந்தது.

2013 ஜனவரியில் மத்ராஸ் கருவியின் சுழலும் பொறி நின்றுபோயிற்று. மழைக்கென அனுப்பிய கோள் மழைக்கண்ணை இழந்தது. பல ஆண்டுகள் அதற்காகவே உழைத்து, அதன் கணக்குகளை நம்பித் தம் ஆய்வை அமைத்துக்கொண்டிருந்த இளைஞர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கிணறு வெட்டி முடித்த மறுநாள் ஊற்று வற்றியது போன்ற நிலை அது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரவியல் துறையில் பேராசிரியர் சி. பாலாஜியின் குழுவினர் அதற்கு முன்பிருந்தே இவ்வாய்வில் ஈடுபட்டிருந்தனர். கொதிகலனிலும் உலையிலும் வெப்பம் எவ்வாறு கதிராய்ப் பரவுகிறது என்று கற்பிக்கும் துறைக்கு மழையோடு என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். உலைக்குள் கதிர் பரவுவதற்கும் முகிலுக்குள் கதிர் பரவுவதற்கும் கணக்கு ஒன்றே என்பதுதான் விடை. மத்ராஸ் நின்றபின், ஈரத்தை அளக்கும் சாஃபிரைக் கொண்டே தரையில் பெய்யும் மழையளவைக் கண்டறிய இயலுமா என்னும் வினாவை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பனிக்கட்டித் துகள்கள் 183 கிகாஹெர்ட்ஸ் அலைகளையும் சிதறடிக்கும் அல்லவா? மழை அளக்கப் பிறவாத கருவியிலிருந்தும் மழைக்கணக்கைப் பெற வழியுண்டு என்பதைக் காட்டும் அவர்களது ஆய்வு, 2014-ஆம் ஆண்டில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. வேறு நாட்டு ஆய்வாளர்களும் இதே வழியில் முயன்றனர். 2014 பிப்ரவரியில் ஏவப்பட்ட உலக மழை அளவீட்டுக் கோளைத் தலைமையாகக் கொண்ட கூட்டணியில் சாஃபிரும் ஓர் உறுப்பாகச் சேர்ந்தது. நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் பெய்த 2015 நவம்பரில், ட்ரிம் கோள் ஏற்கெனவே பணி முடிந்து அவ்வாண்டு ஜூனில் எரிந்து விழுந்திருந்தது, மத்ராஸ் மௌனமாயிருந்தது, சாஃபிர் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் என்ன செய்கிறார்கள்?

இப்பொழுது பெற்றோரின் வினாவுக்கு வருவோம். இத்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்பவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பது குறைவு. கணிப்பொறியின் முன்தான் நாட்கள் கழிகின்றன. முதலில், ஒன்றுக்கொன்று வேறான ஆயிரக்கணக்கான முகில்களைக் கணிப்பொறியிலேயே உருவாக்குவார். இந்த முகிலின் மேலிருந்து பார்த்தால் இந்தக் கருவி எவ்வளவு ஒளியைக் காணும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கிடுவார். பின்னர் உண்மைக் கோள் அனுப்பிய அளவை எடுத்து, அதற்கு எந்த முகில் பொருந்துகிறது என்று தேடுவார். வேறுபட்ட பல முகில்கள் ஒரே அளவைத் தரக்கூடும். அவற்றுள் எது நடந்திருக்கக் கூடியது என்பதைத் தீர்மானிப்பதில்தான் அறிவின் சோதனை. செயற்கை நரம்பு வலை போன்ற கணிப்பொறி முறைகள் இவ்வேலையை விரைவுபடுத்துகின்றன. பனிக்கட்டித் துகள் உருண்டையா, நட்சத்திர வடிவமா, பஞ்சுபோல் திரண்டதா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரு துகளின் வடிவத்துக்காகவே இரண்டாண்டு உழைப்பவர்கள் உண்டு.

வேலையோ நிரந்தரமன்று. ஈராண்டு ஒப்பந்தம், பிறகு வேறு நகர், வேறு நாடு. அகமதாபாத், திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி, பாரிஸ், அமெரிக்காவின் மேரிலாந்து என்று அவர்கள் பாதை செல்கிறது. நம் சமூகம் மருத்துவரையும் பொறியாளரையும் மதிக்கும் அளவுக்கு இவர்களை மதிப்பதில்லை. பெண் கொடுக்கத் தயங்குகிறது. வெள்ளம் வரும் நாளில் மட்டும், "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்கிறது.

முன்பே சொல்வதற்கும் எல்லை உண்டு. நுண்ணலைக் கோள்கள் தாழ்வாகச் சுற்றுவதால் ஓரிடத்தின்மேல் நிலைத்து நிற்பதில்லை. கடந்து செல்லும் சில நிமிடங்களில் கண்டதே கண்டது. இரு கோள்களின் வருகைக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒரு முகில் எழுந்து, கொட்டி, கலைந்தும் போகலாம். அவ்விடைவெளியை இன்சாட் போன்ற நிலைக்கோள்களின் படத்தைக் கொண்டு இட்டு நிரப்பி, அரை மணிக்கொரு முறை, ஏறத்தாழ 11 கிலோமீட்டர்க் கட்டங்களாக உலக மழைப்படம் தயாரிக்கிறார்கள். அப்படி ஒரு கட்டத்துக்குள் மங்கலம்பேட்டையும் அதைச் சூழ்ந்த பல சிற்றூர்களும் அடங்கிவிடுகின்றன. அந்தக் கட்டத்துக்குச் சொல்லப்படும் மழை சரிதானா என்று பார்க்க, இறுதியில் தரையிலுள்ள அந்தச் சாண் அகல மழைமானியிடமே வரவேண்டியிருக்கிறது. காலை 8.30 மணிக்கு அளந்தெழுதும் ஊழியர் ஒருநாள் சோம்பினால், 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கோளின் கணக்கைச் சரிபார்க்க அன்று அவ்வூரில் சான்று இல்லை.

மூன்றாண்டுகளுக்கென அனுப்பப்பட்ட மேகா-ட்ராபிக்ஸ் 2021 வரை பயன் தந்தது. கோளில் மிச்சமிருந்த சுமார் 125 கிலோ எரிபொருளைக் கொண்டே அதைப் படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7-ஆம் நாள், மக்கள் நடமாட்டமற்ற பசிபிக் பெருங்கடற் பரப்பின்மேல் காற்று மண்டலத்தில் புகச் செய்து எரித்தனர். அதற்கு ஏறத்தாழ மூன்றரை வாரங்களுக்கு முன், பிப்ரவரி 10-ஆம் நாள், காற்றின் ஈரத்தை நுண்ணலையால் அளக்கும் கருவி ஒன்றைச் சுமந்து இ.ஓ.எஸ்.-07 என்னும் சிறிய கோள் அதே சிறீஹரிக்கோட்டாவிலிருந்து கிளம்பியிருந்தது. சாஃபிர் பத்தாண்டுகளாக அனுப்பிய அளவுகள் அழிந்துவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் தலைக்குமேல் கடந்த முகில்களின் கணக்கும் அவற்றுள் அடங்கியுள்ளது. அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை.